புரொஜெக்டரைத் தொடாதீர்கள், முதலில் முகர்ந்து பாருங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டில் இருந்த 91 வயது யூதப் பாட்டி வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டார். போகும்போது, நிலவறையில் கிடந்த ஒன்பது 16 மி.மீ. ஃபிலிம் ரீல்களையும் ஒரு புரொஜெக்டரையும் என்னிடம் கொடுத்து, “அப்பா எடுத்தது. உனக்குத்தான் பழைய கேமரா என்றால் உயிராயிற்றே, வைத்துக்கொள்” என்றார். மஞ்சள் அட்டைப் பெட்டிகளில் ‘போலந்து 1937’, ‘ஹைஃபா 49’, ‘கேட்ஸ்கில்ஸ்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கலர்! 1937இல் கலர் ஃபிலிம் இருந்ததா? ஓட்டிப் பார்க்கலாமா? யூடியூபில் போடலாமா? விற்றால் ஏதாவது கிடைக்குமா?

பதில்: புரொஜெக்டரை இன்னும் இயக்கவில்லை என்று நம்புகிறேன். இயக்கியிருந்தால் இந்த வரியோடு நிறுத்திவிட்டு மின் இணைப்பைப் பிடுங்குங்கள். ஃபிலிம் வயதாக ஆகச் சுருங்கும். நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே போதும், புரொஜெக்டரின் பற்கள் ஃபிலிமின் துளைகளில் சரியாக உட்காராமல் கிழிக்க ஆரம்பித்துவிடும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் தெரிந்த குடும்பம் ஒன்றின் கல்யாண ஃபிலிமை ஆர்வக்கோளாறில் நானே ஓட்டினேன். சரியாக மாலை மாற்றும் இடத்தில் ஓர் அடி நீளம் கிழிந்தது. ஓர் அடி என்றால் நாற்பது கட்டம் (ஃப்ரேம்). அந்த வீட்டுக்கு நான் அதற்கப்புறம் போகவில்லை.

1937இல் கலர் உண்டு. கோடக் நிறுவனம் கோடாக்ரோமை 1935இல் வெளியிட்டதே 16 மி.மீ. சினிமா ஃபிலிமாகத்தான், ஸ்டில் கேமராவுக்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. கண்டுபிடித்தவர்கள் மேன்ஸ், கோடௌஸ்கி என்ற இரண்டு இசைக்கலைஞர்கள், ஒருவர் பியானோ, மற்றவர் வயலின். மற்ற பல கலர் ஃபிலிம்கள் சில பத்தாண்டுகளில் வெளுத்து ஒரே இளஞ்சிவப்பாக மாறிவிடும். 1938இல் கழுவும் முறையை மாற்றிய பிறகு வந்த கோடாக்ரோம் இருட்டில் இருந்தவரை அப்படி ஆகாது, அதற்கு முந்தையது மங்கியிருக்கலாம். அதன் சாயங்கள் ஃபிலிமைக் கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டன. மிச்ச ரசாயனம் உள்ளே தங்கி நிறத்தை அரிப்பதில்லை. ஆனால் புரொஜெக்டர் விளக்கின் வெளிச்சம் பட்டால் மட்டும் சீக்கிரம் மங்கும். ஓட்டக் கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

சரி, இப்போது மூக்குக்கு வேலை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி புளித்த வினிகர் வாடை அடித்தால், ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் உடைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது என்று பொருள். அதைக் குணப்படுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல ரீலையும் கெடுக்கும். எனவே வாடை அடிப்பதைத் தனியே பிரித்து, ஸ்கேன் வரிசையில் முதலில் நிறுத்துங்கள். நிலவறையும் வேண்டாம், பரணும் வேண்டாம். ஏசி ஓடும் அறையில் அலமாரித் தட்டு போதும், ரீலைப் படுக்கையாக வையுங்கள். தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிமோ என்று பயப்பட வேண்டாம். கோடக் 16 மி.மீ. ஃபிலிமை 1923இல் தொடங்கிய நாளிலிருந்தே பாதுகாப்பான அடிப்பொருளில்தான் செய்தது.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1950களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் கோடாக்ரோம் விலையிலேயே கழுவும் கட்டணமும் அடக்கம். எடுத்தவர் ஃபிலிமைக் கோடக்குக்கு அனுப்புவார், அவர்கள் கழுவித் தபாலில் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே பெட்டியில் தபால் முத்திரை இருக்க வாய்ப்புண்டு. பேனாவால் எழுதியதைவிட எனக்கு முத்திரை மேல்தான் நம்பிக்கை. ‘போலந்து 1937’ என்பதைப் பத்து வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கலாம் இல்லையா? ஃபிலிமின் ஓரத்திலும் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகள் தெரியும். அவை ஃபிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும் கோடக்கின் சங்கேதம். 20 ஆண்டுக்கொரு முறை அதே குறி திரும்பி வரும் என்பதால் 1937ஆ 1957ஆ என்பதைப் படத்தில் தெரியும் காரையும் உடையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குறி காட்டுவது தயாரித்த ஆண்டைத்தான், படம்பிடித்த ஆண்டை அல்ல.

இவ்வளவு பதறுவானேன் என்று தோன்றலாம். நாஷெல்ஸ்க் கதையைக் கேளுங்கள். வார்சாவுக்கு வடக்கே உள்ள சின்ன ஊர் அது. அங்கே பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போன டேவிட் கர்ட்ஸ் என்பவர் 1938 கோடையில் மனைவியோடும் நண்பர்களோடும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனார். கையில் புது 16 மி.மீ. கேமரா. ஊருக்குள் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் படம் எடுத்தார், அதில் ஒரு பகுதி கலர். கேமராவைப் பார்த்ததும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார்கள், பெரியவர்கள் அவர்களை விலக்குகிறார்கள், தொழுகைக்கூடத்திலிருந்து கூட்டம் படியிறங்கி வருகிறது. மொத்தமே அவ்வளவுதான். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜெர்மானியர்கள் அந்த ஊர் யூதர்களைத் துரத்தி ரயிலேற்றினார்கள். ஏறத்தாழ 3,000 யூதர்கள் இருந்த ஊரில் போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை.

2009இல் பேரன் க்ளென் கர்ட்ஸ் ஃபுளோரிடாவில் பெற்றோர் வீட்டு அலமாரியில் இந்த ஃபிலிமைக் கண்டெடுத்தார். சுருங்கி விறைத்துப் போயிருந்தது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூத இன அழிப்பு) நினைவு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், அவர்கள் ஆய்வுக்கூடத்தில் மீட்டெடுத்தார்கள். அது எந்த ஊர் என்பதே முதலில் தெளிவில்லை. பாட்டி பிறந்த ஊராக இருக்குமோ என்றுதான் பேரன் நினைத்தார். அருங்காட்சியகம் இணையத்தில் ஏற்றிய பிறகு, டெட்ராய்ட் பகுதியில் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் சிரிக்கிற 13 வயதுப் பையன் தன் தாத்தா என்று எழுதினார். தாத்தா அப்போது உயிரோடுதான் இருந்தார்! அவர் வழியாக வேறு சில பெயர்கள் கிடைத்தன. அப்படியும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முகங்களில் பெயர் தெரிந்தது பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான்.

ஆகவே உங்களிடம் இருக்கும் விலைமதிப்புள்ள பொருள் ஃபிலிம் மட்டுமல்ல. மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த 91 வயதுப் பாட்டியும்தான். ஸ்கேன் கைக்கு வந்த வாரமே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போங்கள். மகளிடம் கேட்டு, இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்து அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். வேகமாக ஓட்டாமல் கட்டம் கட்டமாக நிறுத்துங்கள். “இது யார்?” என்று மட்டும் கேட்டால் “தெரியலையே” என்றுதான் பதில் வரும். “இந்த வாசலுக்குள் போனால் என்ன இருக்கும்?”, “இந்தத் தொப்பியை யார் போடுவார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தொப்பியிலிருந்து ஒரு தெருவே வரும். இதை ஸ்கேன் வரும்வரை தள்ளிப்போட முடியாது என்றால், பெட்டி மேல் உள்ள எழுத்துகளைக் காட்டியாவது இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். ஞாயிறு என்று சொல்லக் காரணம் உண்டு, ஆசாரமான குடும்பம் என்றால் வெள்ளி மாலையே தொடங்கிவிடும் சனிக்கிழமை ஓய்வுநாளில் போனையும் கேமராவையும் நீட்டுவது மரியாதையாக இருக்காது.

அதே காரணத்தால், ஆசாரமான வீட்டுச் சினிமாக்களில் வெள்ளிக்கிழமை இரவு விருந்தோ சனிக்கிழமைத் தொழுகையோ இருக்காது. அன்று கேமராவைத் தொட மாட்டார்கள். இன்னொன்று, அந்தக் காலக் கோடாக்ரோமின் வேகம், அதாவது ஒளியை உள்வாங்கும் திறன், மிகக் குறைவு, இன்றைய அளவில் ஏஎஸ்ஏ 10 வாக்கில்தான். சுள்ளென்று வெயில் அடித்தால்தான் படம் விழும். அதனால் கலரில் பார்க்கும்போது அந்த உலகமே என்றும் வெயில் காலம், எல்லாரும் தெருவில், நல்ல உடையில், என்று தோன்றிவிடும். அடுப்படியும் தையல் அறையும் இருட்டில் விடுபட்டுப் போயின. கலர் நிஜத்தைக் காட்டுகிறது என்று பரவசப்படுபவர்களிடம் இதை நான் சொல்வது வழக்கம், அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

கேமரா யார் கையில் இருந்தது என்பதும் முக்கியம். போலந்தின் லோட்ஸ் நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதியான கெட்டோவின் கலர் ஸ்லைடுகள் சுமார் நானூறு, 1987இல் வியன்னாவின் பழைய புத்தகக் கடை ஒன்றில் கிடைத்தன. எடுத்தவர் கெட்டோ நிர்வாகத்தின் கணக்கு அதிகாரி, நாஜி. படத்தில் செந்நிறம் ஏறுகிறது என்று ஃபிலிம் கம்பெனிக்குப் புகார் எழுதினாராம்! அவர் முன்னால் நின்ற யூதர்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள். நாஷெல்ஸ்க்கில் சிரிக்கிறார்கள், ஏனென்றால் வந்தது ஊர்க்காரர்.

ஹைஃபா ரீலுக்கு வருவோம். அது இஸ்ரேலின் துறைமுக நகரம், 1949 என்றால் அந்த நாடு உருவான மறு ஆண்டு. அந்த நாட்களை அமெரிக்க யூதர்கள் சிலர் கலரில் எடுத்திருக்கிறார்கள். பாஸ்டனில் மழைக்கோட்டு தயாரித்து விற்ற ஃபிரெட் மோனோசன், ஜெர்மனியில் அகதி முகாம்களையும் இஸ்ரேல் உருவான காலத்தையும் எடுத்தவை அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வந்தன. உங்கள் ரீலில் துறைமுகம் இருந்தால் கப்பலின் பெயர் தெரிகிற கட்டத்தைத் தேடுங்கள். பாலஸ்தீனத்துக்குக் கப்பலில் வர முயன்றதற்காகச் சைப்ரஸ் தீவின் தடுப்பு முகாம்களில் பிரிட்டன் அடைத்து வைத்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் கடைசித் தொகுதி விடுதலையானது 1949 பிப்ரவரியில்தான். மலைச்சரிவில் ஆளில்லாத கல் வீடுகள் தெரிந்தால் அதையும் குறித்து வையுங்கள். 1948 ஏப்ரலில், போரின்போது, ஹைஃபாவின் அரபு மக்களில் பெரும்பாலோர் வெளியேறி, சில ஆயிரம் பேரே எஞ்சினர். வாடி சலிப் போன்ற அவர்களுடைய பகுதிகளில் பின்னர் யூதக் குடியேறிகள் குடிவைக்கப்பட்டார்கள். படம் எடுத்தவருக்குக் கப்பல்தான் விஷயமாக இருந்திருக்கும். காலி வீட்டைத் தேடி வேறொருவரின் பேத்தி வரக்கூடும்.

கேட்ஸ்கில்ஸ் ரீலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை. பிக்னிக் படம்தானே என்று கடைசியில் தள்ளாதீர்கள். மற்ற விடுதிகள் பல யூதர்களைச் சேர்க்காத காலத்தில், நியூயார்க் யூதக் குடும்பங்கள் கோடைக்குத் திரண்ட மலைப்பகுதி அது. க்ராஸிங்கர்ஸ் என்ற பெரிய விடுதி 1986இல் மூடப்பட்டது. கட்டடங்கள் இன்று இல்லை. நீச்சல்குளத்து ஓரத்தில் சீட்டாடும் பெண்களைத் தேடும் ஆய்வாளர்களும் உண்டு.

ஸ்கேன் செய்யும் கடையிடம் ஒரே கேள்வி: “பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரா?” ஆம் என்றால் உள்ளே போங்கள். திரையில் ஓட்டி அதை வீடியோ எடுக்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக, குறைந்தது 2கே அளவில் (ஏறத்தாழ 2,000 புள்ளி அகலம்), தானியங்கி நிறத் திருத்தம் இல்லாமல், ஓரக் குறியும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். அன்றைய அமெச்சூர் வேகம் நொடிக்கு 16 கட்டம், 100 அடி ரீல் நாலு நிமிஷம் ஓடும். 24இல் ஓட்டினால் எல்லாரும் சாப்ளின் மாதிரி நடப்பார்கள். செயற்கை நுண்ணறிவை வைத்துக் கூர்மைப்படுத்துகிறேன் என்பவரிடம் இல்லாத முகத்தை வரைந்து தருவார் என்ற எச்சரிக்கையோடு இருங்கள். ஸ்கேன் முடிந்ததும் ஃபிலிமை எறிந்துவிடாதீர்கள், நாளைக்கு நல்ல ஸ்கேனர் வரும்.

யூடியூப்? இப்போது வேண்டாம். டப்பா உங்களுடையது, காப்புரிமை உங்களுடையது அல்ல. அமெரிக்கச் சட்டப்படி பொருளைக் கொடுப்பதாலேயே உரிமை கைமாறாது; வெளியிடப்படாத வீட்டுச் சினிமாவுக்கு எடுத்தவர் இறந்து 70 ஆண்டு வரை வாரிசுகளுக்கே உரிமை. பாட்டியும் மகளும் சேர்ந்து எழுதித் தரட்டும். அப்படியே நீங்கள் ஒதுங்கி, அவர்களே நேரடியாக ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. போலந்து ரீலுக்கு வாஷிங்டன் அருங்காட்சியகம், அல்லது உங்களுக்குப் பக்கத்திலேயே மன்ஹாட்டனில் இருக்கும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் ஆவணங்களைக் காக்கும் யீவோ ஆய்வு நிறுவனம். ஹைஃபாவுக்கு ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஸ்பீல்பெர்க் யூதத் திரைப்படக் காப்பகம். ஒன்பதையும் பிரிக்காமல் ஓரிடத்தில் கொடுத்து, மற்றவற்றுக்கு ஸ்கேன் நகல் அனுப்புவது என் விருப்பம். ஒரே ஆள் எடுத்த வரிசை உடையக் கூடாது.

காசு? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இப்படிப்பட்ட காப்பகங்கள் பெரும்பாலும் நன்கொடையாகத்தான் பெறுகின்றன. ஆனால் முதலில் எழுதிக் கேட்டுவிட்டால், ஸ்கேன் செலவை அவர்களே ஏற்கக்கூடும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால், ஒன்பது பெட்டிகளையும் மேசையில் வரிசையாக வைத்து, ஆறு பக்கமும் போட்டோ எடுத்து அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். புரொஜெக்டரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், மேசை விளக்காக மாற்றினால் அழகாக இருக்கும்.