ரெண்டு பைபிள்ல எத வாங்கணும்?

அக்கா, நீங்க சிஎஸ்ஐ-ல (புராட்டஸ்டண்ட் சபை) வளந்து இப்போ முளகுமூட்டுல ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) வீட்டுக்கு மருமகளா போயிருக்கிய, தனியா உக்காந்து படிக்க எந்த பைபிள் வாங்கன்னு கேட்டியல்லா. எங்க வீட்டுலயும் இதே கதைதான், அம்மை ஆர்சி, அப்பா சிஎஸ்ஐ, அதனால மேசையில ரெண்டும் கிடக்கும்.

ஜெபத்துக்கு உங்க பழைய பைபிளையே வச்சுக்கோங்க, மாத்தாதீங்க. சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணுன "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" வாயில தானா வரும், அதே 23-ஆம் சங்கீதத்த ஆர்சி-காரங்க வாசிக்க புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துல "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை"ன்னு பாத்தா முதல்ல யாரோ வேற ஆளுகிட்ட பேசுனது மாதிரிதான் இருக்கும், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. ஆனா படிச்சு புரிஞ்சுக்கணும்னா 1995-ல வந்த திருவிவிலியம்தான் என் ஓட்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன்னுரை உண்டு, கீழ அடிக்குறிப்பும் உண்டு, பவுலோட நிருபங்கள் எல்லாம் பழைய மொழிபெயர்ப்புல ஒரு வாக்கியமே மூச்சு முட்டும், இதுல கொஞ்சம் மூச்சு விட்டு வாசிக்கலாம்.

வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க, கத்தோலிக்க பதிப்புல 73 புத்தகம், உங்க பழையதுல 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் கத்தோலிக்க பதிப்புலதான் வரும். பூசையில அந்த வாசகம் வாசிச்சா வீட்டுல வந்து தேடிட்டு இருக்கவேண்டாம்.

அப்புறம் எழுத்து சைஸ். நான் பைக்குள்ள அடங்கணும்னு குட்டி பைபிள் வாங்கி, ராத்திரி ஒரு அதிகாரம் முடிக்குமுன்னே கண்ணு வலி, இப்போ அது அலமாரியில தூங்குது. மார்த்தாண்டத்துலயோ நாகர்கோவில்லயோ கடைக்கு நேர்ல போயி ஒரு பக்கம் வாசிச்சு பாத்துட்டு வாங்குங்க, ஆன்லைன்ல வேண்டாம்.