பழைய ஆல் வீல் டிரைவ் காரில் சஸ்பென்ஷன், டிரைவ்டிரெய்ன் மாற்றங்கள்: கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் 90-களின் ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும்) கார்கள் பற்றியவை, அதிலும் சுபாருவின் இம்ப்ரெசாதான் அதிகம்.

கேள்வி: அண்ணா, 1996 மாடல் இம்ப்ரெசா டர்போ கைக்கு வந்திருக்கிறது. இருக்கிற பணத்தை முதலில் காயில்ஓவரில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும் செட்) போடலாமா, கிளட்சில் போடலாமா?

இரண்டும் இப்போது வேண்டாம் தம்பி. காரை ஸ்டாண்டில் ஏற்றி, கீழே படுத்து ரப்பரைப் பாருங்கள். லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) பின்பக்க புஷ்ஷுக்கும் (ரப்பர் பதித்த மூட்டு) பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து லேசாக நெம்பினால் போதும், ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தால் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியும். அந்த புஷ் போயிருந்தால் பிரேக் அடிக்கும்போதெல்லாம் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகர்ந்து டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) மாறும், கார் ஒரு பக்கமாக இழுக்கும், அதன் மேல் எவ்வளவு விலையுள்ள காயில்ஓவரைப் போட்டாலும் அந்த அலைச்சல் போகாது. புஷ், பால் ஜாயிண்ட், சிவி ஜாயிண்ட் பூட் (ஆக்சில் மூட்டின் ரப்பர் உறை), இன்ஜின் கியர்பாக்ஸ் மவுண்ட், எண்ணெய், நாலு டயர். இவ்வளவையும் புதுசாக்கி கொஞ்ச நாள் ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு அப்புறம் மாற்ற வேண்டியது வேறொன்றாகத் தெரியும்.

கேள்வி: முன் டயர் நன்றாக இருக்கிறது. பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டால் என்ன?

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ., பாதிக்கு மேல் தேய்ந்ததில் 3 மி.மீ. என்று வையுங்கள். ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம். டயரின் ஆரம் சுமார் 310 மி.மீ. என்றால், நேர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் தேய்ந்த சக்கரம் ஏறக்குறைய 8 சுற்று அதிகம் சுற்றியிருக்கும். அந்த 8 சுற்றின் வித்தியாசத்தையும் முன், பின் அச்சுகளுக்கு நடுவில் இருக்கும் சென்டர் டிஃபரென்ஷியல்தான் வாங்கிக்கொள்கிறது, ஒரு நிமிஷம்கூட ஓய்வில்லாமல். மேனுவல் இம்ப்ரெசாவில் அங்கே டிஃபரென்ஷியலோடு சேர்ந்து இருப்பது விஸ்கஸ் கப்ளிங், முன் பின் வேக வித்தியாசத்தை அடக்குவது, உள்ளே சிலிகான் திரவமும் மெல்லிய தகடுகளும். சூடாகிச் சூடாகித் திரவம் கெட்டுப்போகும். நாலும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே தேய்மானம். காற்றழுத்தத்தையும் கவனியுங்கள்.

கேள்வி: என் காரின் விஸ்கஸ் கப்ளிங் உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, சமதளமான காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வட்டமடியுங்கள். யாரோ ஹேண்ட்பிரேக்கை இழுத்த மாதிரி கார் தயங்கினால், விட்டு விட்டுத் துள்ளினால், கப்ளிங் இறுகிவிட்டது. ஆனால் டயர் அளவு வேறுபட்டாலும் இதே மாதிரித்தான் செய்யும், அதனால் கியர்பாக்ஸைக் கழற்றும் முன் டயர் சுற்றளவை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கேள்வி: 40 மி.மீ. இறக்க ஆசை. ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) காரை அவ்வளவு இறக்கும்போது லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலேறிவிடும். காரின் எடை மையம் 40 இறங்கினால் ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதைவிட அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடுவதால், தாழ்ந்து நிற்கிற கார் வளைவில் முன்பைவிடச் சாயப் பார்க்கும்! அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அப்புறம் பள்ளத்தில் துள்ளல். டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கோணமும் மாறுவதால் மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். என்னைக் கேட்டால் 20 முதல் 25 மி.மீ. போதும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் நீளமான பால் ஜாயிண்ட், அதற்கேற்ற டை ராட் எண்ட் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய ஷாக் அப்சார்பரின் மேல் புதுக் கடின ஸ்பிரிங்கைப் போடாதீர்கள், திரும்பி விரியும் வேகத்தை அதனால் பிடிக்க முடியாது.

ஒரு முக்கியமான விஷயம், நிறைய கடைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். புஷ் போல்ட்டுகளைக் கார் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. ரப்பர் உள் குழாயோடு ஒட்டியே இருக்கும், தொங்கும் நிலையில் இறுக்கினால் காரை இறக்கியதும் அது முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் இருக்க, முழு எடையும் விழுந்த பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

கேள்வி: எல்லா புஷ்ஷையும் பாலியூரிதேனாக (ரப்பரைவிடக் கடினமான பிளாஸ்டிக்) மாற்றலாமா?

எல்லாவற்றையும் வேண்டாம். ஸ்டெபிலைசர் பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி), ஸ்டியரிங் ராக் இரண்டுக்கும் தாராளமாகப் போடலாம். பின் ட்ரெய்லிங் ஆர்ம் (பின் சக்கரத்தை முன்னாலிருந்து பிடித்திருக்கும் கை) பல திசையில் அசைய வேண்டிய உறுப்பு, அங்கே பாலியூரிதேன் போட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அங்கே கடினமான ரப்பர்தான் சரி.

கேள்வி: வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போகிறது சார்.

பின்னால் ஒரு படி தடித்த ஸ்டெபிலைசர் பார், முன்னால் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது), டோ பூஜ்யம். பாரில் அட்ஜஸ்ட்மெண்ட் துளை இருந்தால் மிருதுவான துளையில் தொடங்கி, ஈர ரோட்டில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: பவரைக் கூட்டியாயிற்று, ரேஸ் கிளட்ச் போடப் போகிறேன். கியர்பாக்ஸ் தாங்குமா?

டூ வீல் டிரைவில் கிளட்சைப் பட்டென்று விட்டால் டயர் சுழன்று அந்த அடி கரைந்துவிடும். இங்கே நாலு டயரும் பிடித்துக்கொள்கிறதே, அந்த அடி எங்கே போகும்? கிளட்ச் கொஞ்சம் நழுவினால் தப்பித்தீர்கள். நழுவவே விடாத கிளட்சைப் போட்டால் அடுத்து உடைவது கியர் பல்தான், அந்தக் காலத்து 5 ஸ்பீட் பெட்டிக்கு அது பெரிய பலவீனம். உங்கள் டார்க்கைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஆர்கானிக் கிளட்ச் (சாதாரண கார்களில் வரும் உராய்வுப் பொருள் கொண்டது) போதும். ட்ராக்ஷனைக் காட்ட ஆசைப்பட்டு நின்ற இடத்திலிருந்து பாய விடாதீர்கள், உருண்டபடி வேகம் எடுங்கள்.

கேள்வி: வேறொரு காரின் கியர்பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது, போட்டுவிடலாமா?

ஃபைனல் டிரைவ் ரேஷியோ (டிஃபரென்ஷியலின் பல் விகிதம்) என்னவென்று முதலில் கேளுங்கள். முன் டிஃபரென்ஷியல் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, பின்னது தனி. முன்னால் 4.444, பின்னால் 4.11 என்று அமைந்தால் 8 சதவீத வித்தியாசம், சென்டர் டிஃபரென்ஷியல் சீக்கிரமே வெந்துவிடும். பெட்டியும் பின் டிஃபரென்ஷியலும் ஜோடியாகக் கிடைத்தால் வாங்குங்கள். தனியாக வந்தால், காரில் இருப்பதன் ரேஷியோவைப் பல் எண்ணி உறுதி செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.