எந்த இலை தின்ற புழு?

கேள்வி: கொரியாவில் பட்டுப்புழுவைப் பொடியாக்கி, சர்க்கரைக்கு நல்லது என்று விற்கிறார்களாமே? புழு எதைத் தின்று வளர்ந்தாலும் ஒன்றுதானா?
- வாசகி, தருமபுரி

பதில்: ஒன்று இல்லை. அந்தப் பொடிக்கு மவுசே மல்பெரி இலையால் வந்ததுதான். இலையைக் கிள்ளினால் பால் வடியுமே, அதில் டிஎன்ஜே என்று ஒரு சரக்கு இருக்கிறது, குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது மடக்கிவிடும். மிக்லிட்டால் என்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரையும் இதே வம்சம். மற்ற புழுக்கள் பலவற்றுக்கு அந்தப் பால் விஷம். பட்டுப்புழுவோ ஜாலியாகத் தின்று அந்தச் சரக்கை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும். மல்பெரியே கலக்காத செயற்கைத் தீவனம் கொடுத்தால் புரதம் கிடைக்கும், இது கிடைக்காது.

கொரியாக்காரர்கள் புழுவின் கடைசிக் கட்டமான ஐந்தாம் பருவத்தின் மூன்றாம் நாளிலேயே, கூடு கட்டும் முன், புழுவை எடுத்து உறையவைத்து உலர்த்துவதும் இதற்காகத்தான். புழு முற்ற முற்ற அந்தச் சரக்கின் அளவு குறைந்துவிடும்.

அங்கே தெருவில் அவித்து விற்கும் பொந்தெகி வேறு, அது நூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழு. புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு, சர்க்கரைக்கென்று வாங்காதீர்கள். அஸ்ஸாமில் ஆமணக்கு இலை, மரவள்ளி இலை போட்டு வளர்க்கும் 'எரி' என்ற இன்னொரு வகைப் பட்டுப்புழுவையும் ருசிக்காகத்தான் சாப்பிடுகிறார்கள்.

சரி, பொடி வாங்குவதானால் தீவனம் என்ன என்று கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை போடுகிறீர்கள் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.