பள்ளிக்கூடத்துக்குள் நடக்கும் கிளப்பில் பிள்ளையை நம்பி விடலாமா?

வரும் செப்டெம்பரில் உங்கள் மகன், நாலு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் தொடங்கும் ரிசெப்ஷன் வகுப்புக்குப் போகிறான், நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், பள்ளிக்கூட மண்டபத்திலேயே மாலை ஆறு மணிவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிளப் நடக்கிறது, விடுமுறையிலும் அது உண்டு, கவனிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அதை நடத்துவது யார்?

நாங்கள் இருப்பது வடமேற்கு லண்டனில். மகளை ஐந்து ஆண்டுகளாக இப்படியொரு கிளப்பில்தான் விடுகிறோம். மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும். எனக்கு வேலை முடிய ஐந்து மணி. விடுமுறைக் கணக்கு இன்னும் கடினம். இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்கள் ஆண்டில் 39 வாரம் நடக்கின்றன. மீதி 13 வாரம். முழுநேர வேலையில் இருப்பவருக்குச் சட்டப்படி கிடைக்கும் குறைந்தபட்ச லீவு, வங்கி விடுமுறைகளையும் சேர்த்து, 28 நாள். கணவனும் மனைவியும் மாறி மாறி எடுத்து, ஒரு நாள்கூட ஒன்றாக வீட்டில் இருக்காவிட்டாலும் அந்த 13 வாரத்தை நிரப்ப முடியாது. அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஆகவே பிள்ளையைக் கிளப்பில் விட்ட தாயை ஒருவர் குறையாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். உங்களிடம் அப்படி யாராவது பேசினால் அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

நடத்துவது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். அதே கட்டடம், அதே மண்டபம், அதே வாசல். அதனால் பள்ளிக்கூடம்தான் நடத்துகிறது என்று நினைத்துவிடுகிறோம். சில இடங்களில் அது உண்மை. அப்படியானால் பள்ளிக்கூடத்தைச் சோதிக்கும்போது, பள்ளிக்கூடங்களையும் பிள்ளைப் பராமரிப்பு இடங்களையும் பார்வையிடும் அரசு அமைப்பான ஒஃப்ஸ்டெட் கிளப்பையும் சேர்த்துப் பார்க்கும். பல இடங்களில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஒரு தனியார் நிறுவனமோ தொண்டு அமைப்போ நடத்துகிறது. அதற்குத் தனிப் பதிவு, தனி அறிக்கை. முக்கியமாக, பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியைக்குத் தெரிந்தவை கிளப்புக்குத் தாமாகப் போய்ச் சேராது. இதை நான் பயத்தோடு கற்றுக்கொண்டேன்.

என் மகளுக்கு எள் ஒத்துக்கொள்ளாது. இரண்டு வயதில் ஒரு துண்டு எள்ளுப்பாகு சாப்பிட்டு முகமெல்லாம் வீங்கி மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்ப் போத்தல் கிடையாது. பள்ளிக்கூடம் தந்த படிவத்தில் இதை எழுதினேன். மாலைநேர கிளப்பின் படிவத்திலும் எழுதினேன். ஒவ்வாமை கடுமையானால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசிப் பேனாக்கள் இரண்டையும் பள்ளிக்கூட அலுவலகத்தில் கொடுத்தேன். ஒக்டோபர் அரைப்பருவ விடுமுறை வந்தது. அவள் பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விடுமுறைக்கான பதிவு வேறொரு இணையப் பக்கத்தில். அதில் ஒவ்வாமை பற்றி எழுத இடமே இல்லை. பழைய படிவம் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

வழக்கமான பணியாளர்கள் மாலை மூன்று மணிநேர வேலைக்கு வருபவர்கள். விடுமுறையில் காலை எட்டிலிருந்து ஆறுவரை ஆள் வேண்டும் என்பதால் அந்த வாரத்துக்கு மட்டும் புதியவர்களை எடுத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரட் துண்டுகளும் ஹம்மஸும் கொடுத்தார்கள். ஹம்மஸ் என்பது கொண்டைக்கடலையுடன் எள் விழுது சேர்த்து அரைப்பது. என் மகள், நாலரை வயதுப் பிள்ளை, நாங்கள் பழக்கியபடியே கேட்டிருக்கிறாள்: "இதில் எள்ளு இருக்கிறதா?" மற்றதெல்லாம் ஆங்கிலம், அந்த ஒரு சொல் மட்டும் தமிழ். வீட்டில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது அந்தச் சொல்லைத்தான். புதிய பணியாளருக்கு விளங்கவில்லை; இல்லை, சாப்பிடு என்றிருக்கிறார்.

மேசையின் மறுபக்கத்தில் வழக்கமாக வரும் ஒரு நடுத்தர வயதுப் பெண் நின்றிருந்தார். அந்தச் சொல்லை அவர் முன்பே மகளின் வாயால் கேட்டிருந்தார். ஓடிவந்து தட்டை எடுத்துவிட்டார். பிள்ளை வாயில் வைக்கவில்லை. வைத்திருந்தால் ஊசிப் பேனாக்கள் எங்கே இருந்தன தெரியுமா? விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த அலுவலகத்தில். அன்று மாலை அந்தப் பெண் என்னிடம் எதையும் மறைக்காமல் நடந்தது நடந்தபடி சொன்னார். வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன்.

எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். ஐந்து வயதுக்குட்பட்டோரைப் பராமரிக்கும் இடங்கள், பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பே உணவு ஒவ்வாமையைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் எழுத்து முறைப்பாட்டுக்கு 28 நாளுக்குள் முடிவையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்தில் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், அதைவிட மேலாக, முறையை மாற்றினார்கள். இப்போது ஊசிப் பேனாக்கள் ஒரு சிறு பையில் பிள்ளையோடு கைமாறுகின்றன. அதனால்தான் நாங்கள் விலகவில்லை. பிழை நடந்தபின் அந்த இடம் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் பார்த்தேன்.

ஒஃப்ஸ்டெட் அறிக்கையை வாசியுங்கள், ஆனால் அதிலேயே நிறைவடைந்துவிடாதீர்கள். எங்கள் கிளப்பின் அறிக்கையில் தேவைகள் நிறைவேறியிருக்கின்றன என்ற அளவில்தான் முடிவு இருந்தது. சோதனை செய்த அந்த ஒரு நாள் பற்றியது அது. அரசாங்கத்தின் வரியில்லாப் பராமரிப்புக் கணக்கில் நீங்கள் 8 பவுண் போட்டால் 2 பவுண் சேர்த்துத் தருவார்கள், அதற்குப் பதிவுபெற்ற இடமாக இருக்க வேண்டும். அந்தப் பதிவைச் சரிபாருங்கள். ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இத்தனை பேருக்கு ஓர் ஆள் என்று சட்டம் எண் குறிக்கவில்லை, போதிய ஆள் வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். ஆகவே நீங்களே எண் கேளுங்கள். ஐந்தரை மணிக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேளுங்கள். மூன்றரைக்கு நிற்பவர்களின் தொகையைச் சொன்னால் போதாது. விடுமுறையில் அதே முகங்கள்தானா என்றும் கேளுங்கள். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது; நீங்கள் கூச்சப்படாதீர்கள்.

முடிந்தால் ஒருநாள் மாலை, சொல்லாமல், பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். நல்ல இடத்தில் கதவைத் திறப்பவர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பார். இன்று சாப்பாடு குறைவு, சறுக்கி விழுந்து முழங்கால் உரசியது, கழுவிவிட்டோம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். பையையும் பிள்ளையையும் நீட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கும் இடமென்றால் எனக்குத் தயக்கம்தான். ஓவியம், கால்பந்து, சமையல் என்று அட்டவணை எவ்வளவு நீளமாக இருந்தாலும், நாள் முழுதும் வகுப்பில் களைத்த நாலு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு மெத்தை மூலையும் தன்னைத் தெரிந்த ஒரு முகமும்.

உங்கள் மகனுக்கு ஒவ்வாமையோ வேறு மருத்துவத் தேவையோ இருந்தால், அதன் பெயரை ஆங்கிலத்திலும் இப்போதே சொல்லிப் பழக்குங்கள். வீட்டுச் சொல்லைக் கிளப்புக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள்: வயிற்றுவலிக்கு, தண்ணீருக்கு, சிறுநீர் கழிக்க அவன் சொல்லும் சொற்கள் எல்லாவற்றையும். எங்கள் கிளப்பின் சமையலறைக் கதவில் பிள்ளைகளின் படங்களோடு ஒவ்வாமைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. மகளின் படத்துக்குக் கீழே எள்ளின் ஆங்கிலப் பெயர் அச்சில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அந்தப் பெண் பேனாவால் ஆங்கில எழுத்தில் "எள்ளு" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.