கையெழுத்துக்கு முந்தைய மூன்று நாள்

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் முதல் வீட்டை வாங்குகிறோம். விலை 4 லட்சம் டாலர். பத்து சதவீத டவுன் பேமென்ட்டுக்கு 40 ஆயிரம் எடுத்து வைத்திருக்கிறோம். ஜூன் 24 கிளோசிங், அதாவது கையெழுத்துப் போட்டு வீட்டை எழுதி வாங்கும் நாள். இன்னும் இரண்டு வாரம்தான். இந்தப் பணம் போதுமா? அன்று என்ன நடக்கும்? அதற்குள் சோபா, கட்டில் எல்லாம் தவணையில் வாங்கிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். கடனுக்கு ஒப்புதல் வந்த பிறகும், கடன் தருபவர் உங்கள் கிரெடிட்டை, அதாவது கடன் வரலாற்றை, மறுபடி பார்ப்பதுண்டு. இன்னும் அதே வேலையில் இருக்கிறீர்களா என்று அலுவலகத்தில் விசாரிப்பதும் உண்டு. புதிதாக ஒரு தவணை ஏறியிருந்தால் கிளோசிங் தள்ளிப்போகலாம், கடனே கைநழுவலாம். புது வீட்டில் நாலு நாள் பாய் விரித்துப் படுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

40 ஆயிரம் போதாது. கிளோசிங் செலவு என்று பொதுவாக வீட்டு விலையில் 2 முதல் 5 சதவீதம் தனியாக ஆகும். உங்களுக்கு அது 8 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரம் வரை. ஒப்பந்தம் போட்டபோது அச்சாரமாகக் கொடுத்த எர்னஸ்ட் மணி மொத்தத்தில் கழியும். கடன் கட்டணம், மதிப்பீடு, டைட்டில் (சொத்தின் உரிமையைச் சரிபார்ப்பது), பதிவு ஆகியவை போக, சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் எஸ்க்ரோவில் (வரியும் காப்பீடும் கட்டுவதற்கென்று ஒதுக்கி வைக்கும் கணக்கு) முன்கூட்டியே பணம் கேட்பார்கள். ஜூன் 24 முதல் 30 வரை ஏழு நாள் வட்டியும் அன்றே கட்ட வேண்டும். முதல் தவணை ஆகஸ்ட் 1-ல்தான் வரும். ஜூலை இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆகஸ்டில் கட்டுவது ஜூலை வட்டியைத்தான்.

இனி முக்கியமான விஷயம். கையெழுத்துக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பே கடனின் இறுதிக் கணக்கைச் சொல்லும் கிளோசிங் டிஸ்க்ளோஷர் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும், அது சட்டம். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. கடன் தருபவர் ஆரம்பத்தில் தந்த உத்தேசக் கணக்கான லோன் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். ஏ பிரிவில் இருப்பது கடன் தருபவரின் சொந்தக் கட்டணம். சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் அதை ஒரு டாலர்கூட ஏற்றக் கூடாது. பதிவுக் கட்டணமும், கடன் தருபவர் தந்த பட்டியலிலிருந்து நீங்கள் எடுத்த சேவைகளும் சேர்ந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. காப்பீடு, முன்வட்டி போன்றவை மாறலாம். கணக்கு இடித்தால் அன்றைக்கே போன் செய்து கேளுங்கள். வீடு வாங்கும் கடனில், கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று நாளில் ரத்து செய்யும் உரிமை கிடையாது. அது, இருக்கும் வீட்டின் பேரில் எடுக்கும் ரீஃபைனான்ஸ் (பழைய கடனை அடைக்கப் புதுக் கடன்) போன்றவற்றுக்குத்தான்.

பணம் அனுப்பும்போது மிகவும் கவனம். "கணக்கு எண் மாறிவிட்டது, இதற்கு வயர் செய்யுங்கள் (வங்கி வழியாக அனுப்புங்கள்)" என்று, கிளோசிங்கை நடத்தும் டைட்டில் கம்பெனி பெயரிலேயே மின்னஞ்சல் வரும். ஆளை அப்படியே கவிழ்க்கும் மோசடி அது. அதில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். முன்பே நீங்கள் குறித்து வைத்த எண்ணுக்குப் பேசி, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். போன பணம் திரும்புவது அரிது.

கையெழுத்துக்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குழாய்களைத் திறந்து பாருங்கள், செய்து தருவதாகச் சொன்ன பழுதெல்லாம் சரியாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

அன்றைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கையெழுத்துதான். அடையாள அட்டை கொண்டுபோங்கள். இனிஷியல், அப்பா பெயர் என்று நம் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி இருக்கும். பத்திரத்தில் எப்படி வருகிறது என்று இப்போதே எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கடனுக்காக எடுக்கும் டைட்டில் இன்ஷூரன்ஸ் (சொத்துரிமையில் சிக்கல் வந்தால் உதவும் காப்பீடு) கடன் தந்தவரை மட்டுமே காக்கும். உரிமையாளருக்கான பாலிசி தனி. நான் அதை எடுக்கத்தான் சொல்வேன்.

சில மாநிலங்களில் அன்றே சாவி கிடைக்கும். சில இடங்களில் கடன் பணம் வந்து, பத்திரம் பதிவான பிறகுதான். சாமான் ஏற்றும் வண்டியை ஜூன் 24-க்குப் பேசுவதற்கு முன் டைட்டில் கம்பெனியிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.