மிட்நைட் லைப்ரரி நாவல், எடுத்த முடிவை நினைத்து வருந்துபவர்களுக்கு உதவுமா?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், ஏதோ ஒரு வேலையையோ ஊரையோ கைவிட்டுவிட்டு உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. படியுங்கள். 2020இல் வந்த நாவல், மாட் ஹெய்க் எழுதியது. ஆங்கிலம் எளிமைதான், டிப்ளமோ படித்த நானே முடித்துவிட்டேன்.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் நோரா என்றொரு பெண். தற்கொலைக்கு முயல்கிறாள். சாவுக்கு முன்னால் ஒரு நூலகத்தில் போய் நிற்கிறாள். அங்கே ஒவ்வொரு புத்தகமும், அவள் வேறு முடிவு எடுத்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை. ஒன்றில் ஒலிம்பிக் நீச்சல் வீராங்கனை, ஒன்றில் ராக் பாடகி, இன்னொன்றில் வடதுருவத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் பனிப்பாறை ஆராய்ச்சி.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. நீச்சல் அவள் அப்பாவின் ஆசை. பாட்டுக்குழு கூடப்பிறந்தவனின் ஆசை. கிராமத்தில் பப் வைப்பது காதலனின் ஆசை. இவ்வளவு நாள் அடுத்தவர்களின் ஏமாற்றத்தைத்தான் தன் வருத்தமாகச் சுமந்திருக்கிறாள்.

எனக்கு சிங்கப்பூர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்து பெர்மிட்டும் வந்திருந்தது. போகவில்லை. டெல்டாப் பக்கத்துச் சின்ன ஊரில் அப்பாவின் லேத் பட்டறையிலேயே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமா பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ள, அன்னைக்குப் போயிருந்தா இன்னைக்கு மூணு மாடி கட்டியிருப்ப" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது உண்மையாகவே வலித்தது. நாவலைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, சிங்கப்பூர் போக ஏஜெண்டிடம் பணம் கட்டி ஏமாந்தவர் மாமாதான். எனக்கோ அறுப்புக் காலத்தில் நின்றுபோன டிராக்டருக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதில்தான் சந்தோஷம். நான் கடைந்த புஷ் இன்றும் பல மோட்டார்களில் ஓடுகிறது.

"இது சுயமுன்னேற்றப் புத்தகம், இலக்கியமே இல்லை" என்று சிலர் கிளம்பி வருவார்கள். இருக்கட்டும். பின்பாதியில் கொஞ்சம் பாடம் நடத்துகிறார்தான். ஆனால் பூனை வரும் இடத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள். தன் கவனக்குறைவால்தான் பூனை ரோட்டில் செத்தது என்று நோரா குமைகிறாள். அதை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்த வாழ்க்கைக்குப் போய்ப் பார்க்கிறாள். அங்கேயும் செத்துக் கிடக்கிறது. அதற்கு ஏற்கெனவே இதய நோய்.

அப்புறம், மனச்சோர்வு இந்தப் புத்தகத்தால் தீரும் என்று நான் சொல்லவில்லை. சாகத் தோன்றுகிற அளவுக்கு இருந்தால் புத்தகத்தை வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.

இந்த நூலக நாவலை எங்கள் ஊர் நூலகத்தில் தேடாதீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறோம். அலமாரி நிறையப் போட்டித் தேர்வு கைடுகள்தான். தேர்வு எழுதும் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வேண்டும். ஆனால் கேட்டால், "இங்கிலீஷ் நாவல் யார் சார் படிக்கிறா?" என்கிறார்கள். கேட்பவனே படிக்கத்தானே கேட்கிறேன்!