ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாளில் கூகுள் கிளாஸ்ரூம் கொண்டு பாடவேளையை நடத்த முடியுமா?

முடியும். ஆனால் புதிய பாடத்தை நடத்துவதற்கு அல்ல, நடத்தி முடித்த பாடத்தில் பயிற்சி கொடுப்பதற்கு. கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். 2020 ஊரடங்கில் வேறு வழியின்றிப் பழகிய, இணையம் வழியே பாடமும் பயிற்சியும் கொடுக்க உதவும் இந்த மென்பொருளை இப்போது பெரும்பாலும் என் விடுப்பு நாள்களுக்கே பயன்படுத்துகிறேன்.

முதல் முயற்சி தோல்வியில்தான் முடிந்தது. புதிய பாடத்துக்கு நாற்பது நிமிடக் காணொளி ஒன்றை ஏற்றிவிட்டு ஒரு திருமணத்துக்குப் போய்விட்டேன். பதிலுக்கு வகுப்புக்குச் சென்ற தமிழாசிரியரை நான் இணை ஆசிரியராகச் சேர்க்கவில்லை என்பதால் அவரால் எதையும் திறக்க முடியவில்லை. "சார், இன்னைக்கு நெட்டு வரலீங்களாட்ட இருக்குது" என்று பிள்ளைகளே அவருக்காகக் காரணம் சொல்லிவிட்டு வேறு பாடத்தின் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஜூன் மாதத்திலேயே, பதிலி வகுப்புக்கு வரக்கூடிய நான்கைந்து பேரையும் இணை ஆசிரியர்களாகச் சேர்த்துவிடுகிறேன். ஒரு வகுப்பில் 20 ஆசிரியர்கள் வரை இருக்கலாம். அவர்கள் பணி கொடுக்கலாம், மதிப்பெண் போடலாம், ஆனால் வகுப்பை நீக்க முடியாது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. பண்ணாரியில் குண்டம் இறங்கும் நாள், தேர்தல் பயிற்சி, விடைத்தாள் திருத்தும் முகாம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. காய்ச்சலோடு கண்விழிக்கும் காலைதான் சிக்கல். அதற்காகவே ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பயிற்சியை வரைவாகச் சேமித்து வைத்திருக்கிறேன். வரைவு மாணவர்களின் பார்வைக்குப் போகாது. படுக்கையில் இருந்தபடியே நேரத்தைக் குறித்துவிட்டால் மூன்றாம் பாடவேளை தொடங்கும்போது அது தானே வெளியாகிவிடும்.

பயிற்சி பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கணக்கை நோட்டில் போட்ட பிறகே விடையைத் தட்ட வேண்டும் என்பதைப் பதிலி ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். இயற்பியல் தெரியாதவரும் இதைச் செய்யலாம். கணினி ஆய்வகத்தில் இருவருக்கு ஒரு கணினி என்றாலும், ஒருவர் தட்டும்போது மற்றவர் நோட்டில் போடுவதால் குறையொன்றும் இல்லை.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய பயன் பாடவேளை வீணாகாததுகூட அல்ல. ஒளியியலில் ஒரு கணக்கு: குவிலென்சின் குவியத்தொலைவு 15 செ.மீ., பொருள் 20 செ.மீ. தொலைவில் இருக்கிறது, பிம்பம் எங்கே? விடை 60 செ.மீ. பொருளின் தொலைவுக்கு எதிர்க்குறி போட மறந்தால் 8.6 செ.மீ. என்று வரும், அதையும் ஒரு தெரிவாக வேண்டுமென்றே வைத்திருந்தேன். பயிற்சியை நான் தயாரிக்கும் கூகுள் ஃபார்ம்ஸ் என்னும் இணைய வினாப்படிவம் தானாகத் திருத்திக் காட்டிய பட்டை வரைபடத்தில் வகுப்பில் பாதிக்கு மேல் அந்த 8.6-இல் நின்றார்கள். தொலைவுகளுக்கு நேர்க்குறி, எதிர்க்குறி இடும் குறிமரபை இரண்டு நாள் நடத்தியும் அது மனத்தில் இறங்கவில்லை என்பது, நான் கரும்பலகை முன் நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. முதல் வரிசை உரக்கச் சொல்லும் சரியான விடையிலேயே நான் திருப்தி அடைந்திருப்பேன்.

புதிய பாடத்துக்குக் காணொளி வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலி இருக்கிறது. அதையும் நான் திரும்பப் படிப்பதற்கே கொடுக்கிறேன், ஏனென்றால் காணொளியை நிறுத்திச் சந்தேகம் கேட்க அங்கே ஆள் இல்லை.

மின்சாரம் போகும் நாளுக்காக அதே பயிற்சியை அச்செடுத்து ஆசிரியர் அறை அலமாரியிலும் வைத்துவிடுங்கள். சென்ற ஆண்டு மட்டும் இரண்டு முறை அந்தத் தாள்தான் கைகொடுத்தது.